சாப்ட்டியான்னு ஒரு வரி எழுது

செஞ்சி
18.04.2021

அன்புத் தம்பி ஜெயக்குமாருக்கு அக்கா மருதேவி எழுதுவது.

நீ, கிருத்திகா, காலேஜ் படிக்கும் மகள் ஜினிஷா மூவரும் சுகந்தானே? என் சுகத்தைக் கேட்காதே. கேட்டாலும் வாயைத் திறந்து சொல்ல முடியாது. தாடை எலும்பு விட்டுப்போய், மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஏழு வாரமாம். பக்கத்து வீட்டுத் தைலம்மாள் கஞ்சியை வடிகட்டிக் கொண்டுவந்து தருகிறாள். பல் இடுக்கு வழியாக உறிஞ்சிக் குடிக்கிறேன். ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாதே, விளக்கு வைப்பதற்குள் குடித்து முடிக்க வேண்டும், அதற்குள் பாதிதான் இறங்குகிறது.

நடந்ததை யார் யாரோ உனக்குப் போனில் சொல்லியிருப்பார்கள். போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, சிங்கவரம் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் கொரோனா ஊசி போட்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துதான் இருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே காற்றுக்குப் போனேன். அப்படியே முகம் குப்புற, சிமெண்ட் படியில். அவ்வளவுதான்.

"நீ முதல்ல போட்டுக்கோக்கா, உனக்கு ஒண்ணும் ஆவலேன்னா நான் போட்டுக்கறேன்" என்று பங்குனியில் போனில் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஆனதை வைத்து நீ முடிவு செய்யாதே. நீ போட்டுக்கொள். உனக்கும் நாற்பத்தேழு ஆகிவிட்டது. சர்க்கரை வேறு.

பதில் எழுது. போனை எடுத்தால் எனக்கு "உம்" மட்டும்தான் வருகிறது.

உன் அக்கா
மருதேவி

அம்பத்தூர்
25.04.2021

அக்காவுக்கு, தம்பி எழுதறது.

இங்க மூணு பேரும் நல்லா இருக்கறோம். உன் சுகத்தக் கேக்கக் கூடாதுன்னுட்ட, சரி, கேக்கல. ஆனா ராத்திரி பகலா அதே நெனப்பாத்தான் இருக்குது. போன்ல நீ உம் உம்னு சொல்றதக் கேட்டா எனக்குத் தாங்கல. அதனால நானும் காயிதமே எழுதறேன். நீயாச்சும் வருஷா வருஷம் தசலட்சண நோம்பு முடிஞ்சதும், "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் மன்னிச்சுக்கோ"ன்னு கார்டு போடுவ. நானும் "மன்னிச்சேன், நீயும் மன்னிச்சுக்கோ"ன்னு ஒரு வரி திருப்பி எழுதுவேன். எழுதும்போதே சிரிப்பு வரும். இது இன்னா தப்பு செஞ்சிருக்கும், இதப் போயி நான் மன்னிக்கறதுக்குன்னு.

ஊசியப் பத்தி எழுதியிருந்த. ஏங்க்கா, உனக்கே தாடை போச்சு, நீயே என்னப் போட்டுக்கோன்றியே? நான் வேல பாக்கற அபார்ட்மென்ட்ல ஒருத்தர் ஊசி போட்டு பத்து நாள்ல நெஞ்சு வலின்னு போயிட்டாரு. ஊசியாலயா இல்லியான்னு சாமிக்குத்தான் வெளிச்சம். ஆனா உன்னுது எனக்குத் தெரியுமே. ஊசி போட்டாங்க, உளுந்துட்ட. இதுல நடுவுல இன்னா இருக்குது?

அசோசியேஷன்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஊசி போடாத ஆளு லிப்டுல ஏறக் கூடாதாம். அந்த லிப்டுக்கு கரண்ட் குடுக்கறவனே நான்தான்! பி பிளாக் அம்மா ஒண்ணு என்னப் பாத்து, "உங்களால தாம்ப்பா எல்லாருக்கும் பரவுது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது. பன்னெண்டு வருஷமா அவங்க வீட்டு ஃபேனு, மோட்டாரு எல்லாம் நான் பாத்தது. ஒருத்தராச்சும் ஏம்ப்பா பயப்படறன்னு கேட்டாங்களா? முட்டாப்பயன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க.

உனக்கு ஊசி போட்ட நர்சம்மாவ சும்மா விடாத.

ஒடம்பப் பாத்துக்கோ. கிருத்திகா விசாரிச்சதாச் சொன்னா.

தம்பி
ஜெயக்குமார்

செஞ்சி
30.04.2021

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் மூவரும் நன்றாக இருப்பது கேட்டு நிம்மதி. எனக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

ஜெயா, நான் கும்பிட்டுக் கேட்கிறேன், போட்டுக்கொள். விழுந்ததால் அடிபட்டது, ஊசியால் எலும்பு உடையவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். கூடப் போட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் இரண்டு நாள் காய்ச்சல், கைவலி, அவ்வளவுதான். யாருக்குமே எதுவுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆகலாம் என்று நர்ஸ் வளர்மதியே போடுவதற்கு முன்னால் சொன்னாள். ஒளித்து வைக்கவில்லை. ஆனால் எனக்கு ஆனது அதில் சேர்த்தி இல்லை.

நான் விழுந்த மறுவாரம் அதே பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். வந்தவர்கள் நாலு பேர். முந்தின வாரம் நூற்றிருபது. "மருதேவியம்மாவுக்கே அப்படி ஆச்சு" என்று சிங்கவரம் முழுக்கப் பேச்சு. வளர்மதி வீடு வீடாகப் போனால் கதவைச் சாத்துகிறார்களாம். ஒரு வீட்டில் சாணித் தண்ணீரை வாசலில் அவள் காலடியில் ஊற்றியிருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து அவளுக்கு மெமோ வேறு வந்திருக்கிறது. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவளை ஒன்றும் சொல்லாதே.

சிங்கவரத்தில் நமக்குக் கடலைக்காய் கொண்டுவந்து கொடுப்பாளே நாகம்மாள், அவளுக்கு மூச்சு வாங்குகிறதாம். டோக்கன் வாங்கி வைத்திருந்தவள், என்னைப் பார்த்துப் பயந்து போகாமல் விட்டுவிட்டாள்.

காரணம் கேட்காதே. அக்கா சொல்கிறேன் என்பதற்காகப் போட்டுக்கொள்.

மருதேவி

அம்பத்தூர்
06.05.2021

அக்காவுக்கு.

நல்லா இருக்கறோம். பத்தாந்தேதியிலேர்ந்து முழு ஊரடங்குன்றாங்க. காயிதம் போய்ச் சேர லேட் ஆனா பயந்துக்காத.

நேத்து அந்த நர்சு வளர்மதி எனக்கு போன் பண்ணாங்க. நீ ஃபாரத்துல என் நம்பரக் குடுத்திருக்கறியாமே. அழுவாத கொறையாப் பேசினாங்க. "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அக்கா அன்னைக்கு சாப்ட்டாங்களா? வெறும் வயித்துல, தண்ணி கூட குடிக்காம வெயில்ல வந்து ஊசி போட்டுக்கிட்டா சில பேருக்கு மயக்கம் வரும் சார். நான் கேட்டேன், சாப்ட்டேன்னாங்க. விசாரணையிலயும் சாப்ட்டேன்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா அன்னிக்கு அவங்க ஒதடு காஞ்சிருந்துச்சு சார்."

எனக்கு வந்ததே கோவம். "எங்க அக்கா பொய் சொல்லாதும்மா. கோயில்ல புள்ளைங்களுக்கு கொல்லக் கூடாது, பொய் சொல்லக் கூடாதுன்னு அஞ்சு அணுவிரதம் சொல்லிக் குடுக்கற பொம்பள அது. உன் வேலையக் காப்பாத்திக்கறதுக்கு அது மேல பழி போடாத"ன்னு கத்திட்டு கட் பண்ணிட்டேன்.

அப்புறம் உக்காந்து யோசன பண்ணேன். கிருத்திகாவும், "எதுக்கும் கேட்டுடுங்களேன்"னா. அவளுக்குப் போட்டுக்கணும்னு ஆச. நான்தான் வேணான்னு நிறுத்தி வெச்சிருக்கறேன்.

அதனால அக்கா, நேராவே கேக்கறேன். அன்னைக்கு நீ சாப்ட்டியா? ஒரு வரி எழுது. சாப்டலேன்னு நீ எழுதினா, அது வெறும் மயக்கம்தான், நானும் கிருத்திகாவும் மறுநாளே போயி போட்டுக்கறோம். சாப்ட்டேன்னா எனக்கு ஊசி வேணாம், இதப் பத்தி நீயும் இனிமே எழுத வேணாம்.

தம்பி
ஜெயக்குமார்

செஞ்சி
11.05.2021

(இந்தக் கடிதம் அன்று அனுப்பப்படவில்லை. பார்சுவநாதர் படத்துக்குப் பின்னால் இருந்தது.)

ஜெயா,

சாப்பிடவில்லை.

எழுதிவிட்டேன். ஒரு வார்த்தை. இதை எழுதவா ஒரு மாதம் ஆயிற்று?

அன்று சதுர்த்தசி. எனக்கு சதுர்த்தசிக்கு அன்னம் தண்ணீர் எதுவும் கிடையாது. பன்னிரண்டு வருஷம் முன்னால் உனக்கு கரண்ட் அடித்து, கம்பத்திலிருந்து விழுந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாயே, அப்போது மேல்சித்தாமூர் கோயிலில் நின்று சங்கல்பம் செய்தேன். தம்பி எழுந்து நடக்கட்டும், பன்னிரண்டு வருஷம் சதுர்த்தசிக்குப் பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்று. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்காக நீ பட்டினி கெடக்க வேணாம்" என்று சண்டைக்கு வருவாய். இன்னும் நாலு மாதம்தான் பாக்கி இருந்தது.

டோக்கன் அந்தச் சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. மருந்து தட்டுப்பாடு, அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. நான் போட்டுக்கொண்டால்தான் நீ போட்டுக்கொள்வாய். விரதத்தையும் விட முடியாது, ஊசியையும் விட முடியாது. வளர்மதி கேட்டாள், "சாப்ட்டீங்களாம்மா?" சாப்பிட்டேன் என்றேன். ஒரு சின்னப் பொய், விரதத்துக்காகத்தானே என்று நினைத்தேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன்.

விழுந்த அரைமணி நேரத்தில் எனக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள். எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அது அப்போதே போய்விட்டது. பொய் மட்டும் மிஞ்சியது.

விசாரணைக்கு வந்த டாக்டர் காகிதத்தை நீட்டினார். சுற்றிலும் நம் தெரு ஜனங்கள், கோயில் பெரியவர்கள். "அம்மா சாப்ட்டுத்தான் வந்தாங்க, எழுதுங்கம்மா" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்து அங்கே இருக்கிறது. இப்போது இல்லை என்றால், பிள்ளைகளுக்கு சத்தியம் சொல்லிக்கொடுத்த வாய் இதுதானா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும் என்று மனசு சொல்கிறது. உடனே இன்னொரு மனசு, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறது.

நேற்று நாகம்மாள் செத்துப்போனாள்.

செஞ்சி
13.05.2021

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நாகம்மாள் தவறிவிட்டாள். முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. பயமாக இருக்கிறது ஜெயா. இங்கே கடைத்தெரு முழுக்க அடைத்துக் கிடக்கிறது. பஸ் இல்லை. கோட்டைப் பக்கம் ஓர் ஆள் நடமாட்டம் கிடையாது.

நீ கேட்டிருந்தாய். உடம்பு இருக்கிற நிலைமையில் அதையெல்லாம் உட்கார்ந்து எழுத என்னால் முடியவில்லை. நான் எதைச் சாப்பிட்டேன், எப்போது சாப்பிட்டேன் என்று பார்த்தா உனக்கு ஊசி போடுவார்கள்? உனக்கு சர்க்கரை இருக்கிறது, அதைப் பார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போய் போட்டுக்கொள். கிருத்திகாவையும் கூட்டிப் போ. உன் காலில் விழுகிறேன் என்று நினைத்துக்கொள். மூத்தவள் விழக் கூடாது, ஆனாலும் விழுகிறேன்.

வீட்டை விட்டு வெளியே போகாதே.

மருதேவி

அம்பத்தூர்
20.05.2021

அக்காவுக்கு.

நாகம்மா போயிடுச்சா! ஒரு படி கடலைக்காய் வாங்கினா ரெண்டு கை கூடப் போடுமே. மனசு சரியில்ல.

உன் காயிதத்த நாலு தடவ படிச்சேன். நான் கேட்ட ஒரு வரிக்கு நீ பதில் எழுதல. எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ கோவிச்சுக்கிட்ட. எவளோ ஒரு நர்சு சொன்னான்னு, பெத்தவ மாதிரி வளத்த உன்னையே நீ பொய் சொன்னியான்னு கேட்டுட்டேன். நைனா இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு. தப்புதாங்க்கா. இனிமே சத்தியமா கேக்க மாட்டேன். நீ சாப்ட்டுத்தான் போன. எனக்கு அது போதும்.

ஊசி பேச்ச விட்டுடு. கிருத்திகாவும் நேத்து கேட்டா. "எங்கக்காவே பதில் சொல்லல பாரு, அதுக்கு எவ்ளோ வருத்தமோ"ன்னு அவ வாய அடைச்சுட்டேன்.

ரெண்டு நாளா எனக்கு லேசா ஒடம்பு சூடு. பி பிளாக்ல மோட்டார் ரிப்பேருன்னு போனேன், லிப்டுல ஏறக் கூடாதே, அஞ்சு மாடி நடந்தேன். அந்தக் களைப்புதான். இன்னிக்குக் குழம்புல உப்பு, புளி ஒண்ணுமே இல்லேன்னு கிருத்திகாவத் திட்டினேன். அவ ஒரு மாதிரியாப் பாக்கறா. ஜினிஷா தட்ட நகத்தி வெச்சிட்டு அழுவுது. பைத்தியக்காரப் பசங்க.

நீ கம்பி பிரிச்சதும் மொதல்ல என்கிட்ட பேசணும். சரியா?

தம்பி
ஜெயக்குமார்

செஞ்சி
27.05.2021

ஜெயா, ஜெயா,

இன்றுதான் உன் கடிதம் வந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று எழுதியிருக்கிறாயே, ஐயோ, அது உப்பு இல்லாமல் இல்லையடா. தைலம்மாளை விட்டுப் போன் போடச் சொன்னேன். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் ஆயிற்று என்று கிருத்திகா சொன்னாளாம். நான் போனை வாங்கினேன். கம்பிக்குள்ளிருந்து எவ்வளவு கத்தியும் வார்த்தையாக வரவில்லை. கிருத்திகா "அண்ணி, அண்ணி" என்கிறாள், நான் மாடு மாதிரி முனகுகிறேன்.

தைலம்மாளை விட்டு அதைச் சொல்லச் சொல்லலாம் என்று காகிதத்தில் எழுதினேன். எழுதி, கிழித்துவிட்டேன். அவள் வாய்வழியாகத் தெருவுக்குப் போகுமே என்று அந்த நேரத்திலும் எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. நான் எப்படிப்பட்டவள் பார்.

இதனோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். முன்பே எழுதியது. கிருத்திகா, இதை அவனுக்குப் படித்துக் காட்டம்மா. நான் சாப்பிடவில்லை ஜெயா. நீ கேட்டது தப்பில்லை. நீ எழுந்து வா. வந்து என்னைச் செருப்பால் அடி.

நாளைக்குக் காய்கறி வேன் திண்டிவனம் போகிறது. அதில் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

மருதேவி

அம்பத்தூர்
20.06.2021

அண்ணிக்கு கிருத்திகா எழுதுவது.

நானும் ஜினிஷாவும் இருக்கிறோம். உங்களுக்குக் கம்பி பிரித்துவிட்டதாக தைலம்மாள் அக்கா சொன்னார்கள்.

அவர் போனது ஜூன் நாலாம் தேதி. உங்கள் கடிதம் வந்தது ஜூன் பதினொன்றாம் தேதி. வழியில் எங்கே தங்கியதோ. அவருக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தீர்கள். யாருக்குப் படித்துக் காட்ட?

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸில் ஏழு மணி நேரம் காத்திருந்தோம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி, "ஊசி போட்டாரா?" இல்லை என்றால் அவர்கள் முகம் மாறும். பக்கத்து ஆம்புலன்ஸில் இருந்தவர், எனக்குக் கேட்கும்படியே, "போட மாட்டேன்னு திமிரா இருந்துட்டு இப்ப பெட்டுக்கு மட்டும் வந்துடுறாங்க" என்றார். இவருக்கு அது கேட்டது. மாஸ்க்கை விலக்கி, மூச்சு இழுத்து இழுத்து, "திமிர் இல்ல சார். எங்கக்கா உளுந்துடுச்சு" என்றார். அதற்கப்புறம் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான்.

நானும் ஜினிஷாவும் ஊசி போட்டுக்கொண்டோம். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. ஜினிஷாவுக்குக் கை தூக்க முடியவில்லை. பிறகு சரியாகிவிட்டது.

உள்ளே வைத்திருந்த கடிதத்தில் மே பதினொன்று என்று தேதி போட்டிருக்கிறீர்கள். அப்போது போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "அப்ப போட்டு பிரயோஜனம் இருந்திருக்குமான்னு சொல்ல முடியாதும்மா. ஏப்ரல்ல போட்டிருந்தா வாய்ப்பு அதிகம்" என்றார். ஏப்ரல் பதினெட்டாம் தேதி நீங்கள் எழுதிய முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிருத்திகா

செஞ்சி
21.09.2021

அன்புள்ள கிருத்திகாவுக்கு மருதேவி எழுதுவது.

நீயும் ஜினிஷாவும் சுகமாக இருக்க வேண்டும். ஜூனிலிருந்து நாலு கடிதம் எழுதினேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் திரும்ப ஊசி போட வந்தார்கள். எட்டுப் பேர்கூட இல்லை. நான் போய், வளர்மதியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். "அன்னிக்கு நான் சதுர்த்தசி விரதம். சாப்டல. இந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான்தான் பொய் சொன்னேன்." தாடை இன்னும் சரியாகத் திறக்காது. மூன்று தடவை சொன்னால்தான் எல்லோருக்கும் புரிந்தது. அதையே எழுதி மேலிடத்துக்கும் அனுப்பினேன். வளர்மதி மேல் இருந்த மெமோவை எடுத்துவிட்டார்கள். அவள் என் கையைப் பிடித்து அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அடுத்த ஆளு வாங்க" என்றாள்.

கோயிலில் பிள்ளைகளை என்னிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சரிதான். இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டேன். நாலு இட்லி தின்றுவிட்டுப் போனேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று வாசலில் உட்கார்ந்து தின்றேன். ஒன்றும் ஆகவில்லை, கிருத்திகா. காய்ச்சல்கூட வரவில்லை. வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

தசலட்சணம் முடிந்துவிட்டது. இன்று மன்னிப்புக் கேட்கிற நாள். வருஷா வருஷம் அவனுக்குக் கார்டு போடுவேன். இந்த வருஷமும் கார்டு வாங்கி, பெயரை எழுதிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

தெரிந்து செய்த பிழைதான் இது. தெரியாமல் செய்தது என்று ஒன்றும் இல்லை. என்னை மன்னித்துவிடம்மா.

மருதேவி

அம்பத்தூர்
30.09.2021

அண்ணிக்கு.

நாங்கள் சுகம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் இருக்காதீர்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள். கேட்டால், "மன்னித்தேன், நீங்களும் மன்னியுங்கள்" என்று திருப்பி எழுத வேண்டும், அதுதான் நம் வழக்கம். நீங்கள் போட்ட கார்டையெல்லாம் அவர் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பதில் போட்ட தேதியைக் குறித்திருக்கிறார். ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை.

நானும் ஆறு நாளாகக் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை, எழுதிப் போட்டுவிட்டால் வழக்கம் தீர்ந்தது, உங்களுக்கும் மனசு ஆறும். ஜினிஷாவும், "எழுதிடேம்மா, அத்தை பாவம்" என்கிறாள்.

முடியவில்லை அண்ணி. விரதத்துக்காகவோ, வழக்கத்துக்காகவோ, இனிமேல் இந்த வீட்டில் யாரும் பொய் எழுத வேண்டாம் என்று இருக்கிறது.

என்றைக்காவது அது நிஜமாக வந்தால், அன்றைக்கே எழுதுகிறேன்.

கிருத்திகா